ஆக்ரா இல்லை, அக்ரா

என் சின்னத்தம்பி நினைவில்லாமல் கிடந்த ஊரின் பெயர் அக்ரா. ஆக்ரா இல்லை. முதல் எழுத்து குறில், அவ்வளவுதான் வித்தியாசம். அதைச் சொந்தக்காரர்களுக்கு விளக்கி விளக்கி எனக்கு வாய் ஓய்ந்துபோனது.

செய்தி வந்தபோது திருநகரில் ஒரு வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி பீரோ இறக்கிக்கொண்டிருந்தேன். என்னுடையது குட்டியானை, சின்ன லோடு வண்டி. வீடு மாற்றுகிறவர்களின் சாமான் ஏற்றுவதுதான் இப்போதைய பிழைப்பு. போனில் பேசியவர், தம்பி வேலை பார்க்கும் போர்வெல் வண்டியின் சூப்பர்வைசர். கொங்குப் பக்கத்துக்காரர்.

“அண்ணனுங்களா? தம்பிக்கு மலேரியாக் காய்ச்சலுங்க. மூளைக்கு ஏறிருச்சுன்னு சொல்றாங்க. அக்ராவுல பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்து சேத்தியிருக்குதுங்க. நெனவு இல்லைங்க.”

பீரோவின் மறுமுனையைப் பிடித்திருந்த வீட்டுக்காரர், “அண்ணே, கீழ வச்சிட்டுப் பேசுங்க, கால்ல போட்டுறாதீங்க” என்றார். கீழே வைத்துவிட்டுப் பேசினேன். பேச அதிகம் இல்லை. அவர் சொன்னதையே திரும்பச் சொன்னார். நானும் கேட்டதையே திரும்பக் கேட்டேன்.

நாங்கள் அண்ணன் தம்பி மூன்று பேர். சொந்த ஊர் செக்கானூரணிக்கு மேற்கே. மானாவாரி நிலம். அப்பா இருந்தபோது அதில் மூன்று இடத்தில் துளை போட்டுப் பார்த்தார். மூன்றிலும் புழுதிதான் வந்தது. மூன்றாவது துளை போட வந்த வண்டியோடேயே சின்னவன் கிளம்பிப் போய்விட்டான். முதலில் ஆந்திரா, பிறகு ராஜஸ்தான், பிறகு அந்தக் கம்பெனி ஆப்பிரிக்காவுக்கு வண்டியைக் கப்பலில் ஏற்றியபோது அவனையும் கானா நாட்டுக்கு அனுப்பியது. “கானாவா? பாட்டுப் படிக்கப் போறியா மாப்ள?” என்று கேட்டுச் சிரித்தவர் எங்கள் தாய்மாமன். மாட்டுத்தாவணி தாண்டினாலே பஸ்ஸில் வாந்தி எடுக்கிற பயல் அவன். அவன்தான் அவ்வளவு தூரம் போனான்.

நடுத்தம்பி ஐடிஐயில் வெல்டிங் படித்தவன். அவன் பப்புவா நியூ கினி என்ற நாட்டில், ஒரு சுரங்கத்தில் இருக்கிறான். ஆஸ்திரேலியாவுக்கு மேலே இருக்கிறது. அப்படி ஒரு நாடு இருப்பது அவன் போன பிறகுதான் எங்களுக்குத் தெரியும்.

மூத்தவன் நான். இப்போது நானும் அம்மாவும் மதுரையில், திருநகர்ப் பக்கம் ஒரு வாடகை வீட்டில் இருக்கிறோம். ஒன்பதாவதில் பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டு, முறுக்குச் சுடும் கூட்டத்தோடு குண்டூர் போனேன். எண்ணெய்ச் சூடு ஒத்துக்கொள்ளாமல் லாரியில் கிளீனராக ஏறி, பிறகு டிரைவர் ஆனேன். நாக்பூர், இந்தூர், ஆக்ரா எல்லாம் போயிருக்கிறேன். ஓர் இடத்தில் ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தால் எனக்குக் காலில் ஏதோ ஊர்வதுபோல் இருக்கும். ஊர் சுற்றி என்று எனக்குத்தான் பேர். ஆனால் பாஸ்போர்ட் எடுக்காதவன் வீட்டில் நான் மட்டும்தான். எடுக்கப்போன ஒரு முறை, நிலையான முகவரி கேட்டார்கள். அதோடு விட்டுவிட்டேன்.

விஷயத்தைச் சொன்னதும் மாமா எழுந்து சட்டையை மாட்டினார்.

“ஆக்ராதான? நான் போயிட்டு வாரேன். ரயில்ல ஏறினா மூணாம் நாள் நிக்கலாம். மாப்ள, நீ லாரியில போயிருக்கேல்ல, நீயும் வா. உனக்குத்தான் இந்தி தெரியும்.”

“மாமா, அது ஆக்ரா இல்ல. அக்ரா. ஆப்பிரிக்காவுல இருக்கு.”

“அங்கயும் ஒரு ஆக்ரா வச்சிருக்கானுகளா?”

“ஆமா.”

அவர் சட்டையைக் கழற்றவில்லை. கையில் மஞ்சப்பையோடு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு வேறு எங்கே போவது என்று தெரியாமல் டீக்கடைக்குப் போனார்.

அம்மா அழவில்லை. கே.கே. நகரில் நோயாளிகள் தங்கிப் பார்க்கிற ஒரு கிளினிக்கில் பல வருஷமாகக் கூட்டித் துடைக்கிற வேலை பார்க்கிறது. அது கேட்ட முதல் கேள்வி:

“குழாய் மூக்குலயா, வாயிலயா?”

சூப்பர்வைசரிடம் கேட்டுச் சொன்னேன். வாயில்.

“அப்ப மூச்சு மெஷின்ல வச்சிருக்காக” என்றது. முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டது. அடுத்த கேள்வி: “கூட ஆள் யாரு?”

ஆள் என்றால் எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் பெரிய வார்த்தை. நோயாளியின் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிடமாட்டார்கள். “நாலாம் பெட்டுக்கு ஆள் யாரு?” என்றுதான் சத்தம் வரும். மருந்துக்கு ஓட, ரத்தம் கொடுக்க, சீட்டோடு ஒவ்வொரு ஜன்னலாக நிற்க, கையெழுத்துப் போட, சும்மா கட்டிலுக்குக் கீழே துண்டை விரித்துப் படுத்துக் கிடக்க ஓர் ஆள் வேண்டும். ஆள் இல்லாத கட்டிலுக்கு எல்லாம் கடைசியாகத்தான் வரும். அம்மா அதைத் தினமும் பார்க்கிறது.

“சூப்பர்வைசர் வந்து வந்து பாக்குறாராம். அங்க எல்லாம் நர்சே பாத்துக்கிருவாகளாம்மா” என்றேன்.

“நர்சு எத்தன பேரப் பாப்பா? நீ போ.”

“எனக்குப் பாஸ்போர்ட் இல்லம்மா.”

அது என்னை ஏற இறங்கப் பார்த்தது. இந்தியா பூரா சுற்றி வந்த மகன், போகவேண்டிய ஒரே நேரத்தில் போக முடியாதவனாக எதிரே உட்கார்ந்திருக்கிறான். திட்டினால்கூடத் தேவலை என்று இருந்தது. பிறகு அது சொன்னது:

“அப்ப நடுவுலவனப் போகச் சொல்லு. அவனும் வெளிநாட்டுலதான இருக்கான். ஒரு எட்டு போயிப் பாத்துக்கிரட்டும்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை. நாங்கள் ஊரைவிட்டு எங்கே போனாலும் அம்மாவுக்கு ஒரே பெயர்தான், வெளியூர். குண்டூரும் வெளியூர், இந்தூரும் வெளியூர். அதே கணக்கில் இரண்டு தம்பிகளும் வெளிநாட்டில். உசிலம்பட்டியில் இருக்கிறவன் ஆண்டிபட்டியில் இருக்கிறவனை ஒரு எட்டு பார்த்துவிட்டு வருவதில் என்ன கஷ்டம் என்று அது நினைத்தது.

“எம்புட்டுத் தூரம்னு பாத்துச் சொல்லு” என்றது.

இதற்குமுன் எத்தனையோ தூரம் பார்த்திருக்கிறேன். மைல் கல்லைப் பார்த்தே சோறு எங்கே, தூக்கம் எங்கே, டீசல் எங்கே என்று முடிவு செய்த ஆள். மறுநாள் தல்லாகுளத்தில் ஒரு வக்கீல் ஆபீசுக்கு மேசை நாற்காலி இறக்கிவிட்டு, வண்டியிலேயே உட்கார்ந்து போனில் பார்த்தேன். லாரிக்காரன் புத்தி, முதலில் மேப்பில் நடுத்தம்பி இருக்கிற ஊரிலிருந்து அக்ராவுக்கு வழி கேட்டேன். கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு, வழி கிடைக்கவில்லை என்று வந்தது. ரோட்டில் எனக்கு அப்படி ஒருபோதும் வந்ததில்லை. சுற்று வழி, மண் வழி, ஏதாவது ஒன்றைக் காட்டும்.

பிறகுதான் விமான நிலையங்களுக்கு நடுவே தூரம் சொல்லும் பக்கம் ஒன்று கிடைத்தது. இரண்டு கட்டம். ஒன்றில் அக்ரா, ஒன்றில் போர்ட் மோர்ஸ்பி. அதுதான் நடுத்தம்பியின் நாட்டில் பெரிய விமான நிலையம். ஊர்ப் பெயரைத் தட்டினால் ஒவ்வொன்றுக்கும் அந்த விமான நிலையத்தின் குறியாக மூன்று இங்கிலீஷ் எழுத்து வந்தது. அமுக்கினேன். நீல உலகப் படத்தில் ஒரு சிவப்புக் கோடு, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை வளைந்து போனது. பதினாறாயிரத்து நானூறு கிலோமீட்டர், ஒன்றிரண்டு குறையும். நிற்காமல் பறந்தால் ஏறக்குறைய இருபது மணி நேரம் என்று கீழே போட்டிருந்தது. நிற்காமல் பறக்கிற விமானம் அப்படி ஒன்று உண்டா என்று போடவில்லை. உலகத்தில் எந்த இரண்டு ஊருக்கும் நடுவே இருபதாயிரத்துக்கு மேல் தூரம் இருக்கவே முடியாது என்று வேறோர் இடத்தில் படித்தேன். இருபதாயிரம் என்றால் உருண்டையின் நேர் எதிர்ப்பக்கம். ஒரே வீட்டில் பிறந்த இரண்டு பேர் கிட்டத்தட்ட அந்த அளவுக்கு விலகிப் போயிருந்தார்கள். வேண்டுமென்றே செய்தாலும் இவ்வளவு சரியாக வராது.

சாயங்காலம் அம்மாவிடம் கிலோமீட்டர் சொன்னேன். அதற்குப் பிடிபடவில்லை. மணிக்கணக்கைச் சொன்னேன்.

“இருபது மணி நேரந்தானாக்கும்? நீ ஆக்ரா போக நாலு நாள் ஆகும்பியே.”

அதை நான் சொல்லியிருக்கக் கூடாது. இருபது மணி நேரம் என்பதைக் கேட்டதும் அதன் முகம் தெளிந்துவிட்டது. எழுந்து அடுப்படிக்குப் போனது. அங்கிருந்தே சொன்னது:

“போறவன் நம்ம வீட்டு வழியா வந்துட்டுப் போகச் சொல்லு. வேட்டி, துண்டு, போர்வை எல்லாம் குடுத்து விடுறேன். ஆஸ்பத்திரியில குளிரும்.”

“அம்மா, அது என்ன நாகமலைப் புதுக்கோட்டையில எறங்கி ஏறுற மாதிரியா?”

“பாத்துச் சொல்லு.”

பேச்சுக்குத்தான் பார்த்தேன். போர்ட் மோர்ஸ்பியிலிருந்து மதுரைக்கு ஏழாயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சம். மதுரையிலிருந்து அக்ராவுக்கு எட்டாயிரத்து அறுநூற்றுச் சொச்சம். கூட்டினேன். மறுபடியும் கூட்டினேன். நேராகப் போவதைவிட எங்கள் வீட்டு வழியாகப் போனால் நூற்று எழுபது கிலோமீட்டர்தான் அதிகம். மதுரையிலிருந்து திருநெல்வேலி போகிற தூரம். காலையில் கிளம்பி மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுவேன், அந்தத் தூரம்.

அம்மா சொன்னது சரி. கணக்கில் சரி. இருவருக்கும் நடுவில்தான் நாங்கள் இருந்தோம். ஆனால் மதுரையிலிருந்து அந்த இரண்டு ஊருக்குமே விமானம் கிடையாது. அம்மாவிடம் இந்தக் கூட்டலைச் சொல்லவில்லை. அது ஏற்கெனவே போர்வையை வெயிலில் போட்டிருந்தது.

நடுத்தம்பிக்குப் போன் போட்டேன். அவன் இருக்கிற மலையில் சாப்பாட்டுக் கூடத்துக்குப் பக்கத்தில் மட்டும்தான் சிக்னல். பேசும்போதெல்லாம் பின்னால் தட்டு விழுகிற சத்தம் கேட்கும். சின்னவன் விஷயம் அவனுக்கு முதல்நாளே தெரியும். அம்மா சொன்னதைச் சொன்னேன். தூரத்தையும் சொன்னேன்.

“அண்ணே, ஏர்போர்ட்டுக்கும் ஏர்போர்ட்டுக்கும் நடுவுல கணக்குப் போட்டுச் சொல்றே. நான் என்ன ஏர்போர்ட்லயா குடியிருக்கேன்?”

அவனே தொடர்ந்தான்.

“இங்கருந்து போர்ட் மோர்ஸ்பிக்கு ரோடே கிடையாதுண்ணே. குட்டி விமானம் ஒண்ணு வரும். மேகம் எறங்கிருச்சுன்னா வராது. பாஸ்போர்ட் கம்பெனி ஆபீஸ்ல இருக்கு. கானாவுக்கு விசா எங்க வாங்குறது, எவன்ட்டக் கேக்குறது? அதுக்கு மேல மூணு விமானம் மாறணும்.”

“அம்மா போர்வையக் காயப்போட்டிருக்குடா.”

தட்டு விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அவனுக்கும் சின்னவனுக்கும் ஒரு வருஷம்தான் இடைவெளி. ஒரே சட்டையை மாற்றி மாற்றிப் போட்டவர்கள்.

“கேட்டுப் பாக்குறேன்” என்றான்.

கேட்டான். கம்பெனியில் முதலில் நம்பவில்லை. கூடப் பிறந்த தம்பியா, சித்தப்பா மகன் பெரியப்பா மகனா என்று கேட்டார்களாம். இதற்குமுன் தம்பி செத்துவிட்டான் என்று சொல்லிப் போன ஒருவன் திரும்பி வரவே இல்லையாம். அவன் சின்னவன் கட்டிலில் கிடக்கிற படத்தைக் காட்டினான். வாயில் குழாய். அதைப் பார்த்ததும் லீவு கொடுத்தார்கள். பாஸ்போர்ட்டைப் போர்ட் மோர்ஸ்பி விமான நிலையத்தில் கொண்டுவந்து தருவதாகவும் சொன்னார்கள். விசாவைப் போகிற வழியில் பார்த்துக்கொள்ளலாம் என்று யாரோ சொன்னார்கள். அது நடக்காது என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் அவன் பையைக் கட்டினான்.

“நடுவுலவன் கிளம்பிட்டான்” என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா கிளினிக்குக்கு லீவு சொல்லிவிட்டு வீட்டிலேயே இருந்தது.

குட்டி விமானம் வருகிற இடத்திலும் கொஞ்சம் சிக்னல் உண்டாம், அங்கிருந்து அவன் ஒரு படம் அனுப்பினான். நீளமான ஒரு புல்வெளி. விமானம் இறங்குகிற இடம் அதுதானாம். ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகை. கொட்டகைக்குப் பிறகு எதுவுமே தெரியவில்லை, வெள்ளையாக மேகம் தரை வரை இறங்கியிருந்தது. கொட்டகையில் அவன் பை மட்டும் தெரிந்தது.

அம்மா போனைக் கையில் வாங்கி, தள்ளிப் பிடித்துப் பார்த்தது. “மழை பேஞ்ச நம்ம கம்மாய் மாதிரில்ல இருக்கு” என்றது. “இங்கதான் பிளேன் நிக்குமா?”

“ஆமாம்மா.”

“எப்ப வரும்?”

“மேகம் விலகினா வரும்.”

எங்கள் ஊரில் மேகத்தைப் பார்த்து வா வா என்றுதான் கூப்பிட்டிருக்கிறோம். அது விலக வேண்டும் என்று நினைக்க வேண்டியிருந்தது அந்த ஒரு முறைதான்.

மறுநாளும் அதே படம். பை மட்டும் இடம் மாறியிருந்தது. தகரத்தில் ஒழுகியிருக்கும். மாமா வந்து உட்கார்ந்தார். “மாப்ள, அங்கிட்டு ரயிலே கிடையாதா?” என்று கேட்டார். “கடலு மாமா” என்றேன். “ஆமால்ல” என்றார். திருநகருக்கு மேலே விமானம் தாழ்வாக இறங்கும்போது வீட்டில் பாத்திரம் லேசாக அதிரும். ஒவ்வொரு சத்தத்துக்கும் அம்மா தலையைத் தூக்கிப் பார்த்தது. அது சென்னை விமானம் என்று அதற்கும் தெரியும்.

அன்று மத்தியானம் சூப்பர்வைசர் கூப்பிட்டார். நான் சமயநல்லூர் ரோட்டில் மரச் சாமானோடு போய்க்கொண்டிருந்தேன். ஓரம் கட்டினேன்.

“அண்ணனுங்களா…” என்று இழுத்தார். “காலையிலயேங்க” என்றார் பிறகு. “நான் அப்பத்தான் வெளிய டீ குடிக்கப் போனனுங்க. வந்து பாத்தா போர்த்திட்டாங்க.”

ஆள் இல்லாத நேரம். அதை அம்மாவிடம் சொல்லவில்லை. அது கேட்கத்தான் செய்தது.

“பக்கத்துல யாரு இருந்தது?”

“சூப்பர்வைசரு இருந்தாராம்மா.”

அம்மா என் முகத்தைப் பார்த்தது. கிளினிக்கில் எத்தனையோ பேரிடம் எத்தனையோ பேர் இப்படிச் சொல்லி அது கேட்டிருக்கும். நம்பியதா இல்லையா தெரியாது. எழுந்துபோய்க் கொடியிலிருந்து போர்வையை எடுத்து மடித்தது.

நடுத்தம்பிக்கும் நான்தான் சொன்னேன். அவன் இன்னும் அந்தக் கொட்டகையில்தான் இருந்தான். “சரிண்ணே” என்றான். மறுநாள் மேகம் விலகி விமானம் வந்ததாம். அவன் ஏறவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டான்.

உடலைக் கொண்டுவரலாம், ஆனால் பேப்பர் வேலை முடிய எவ்வளவு நாள் என்று சொல்ல முடியாது என்றார் சூப்பர்வைசர். அம்மா போனை வாங்கிக் கேட்டது.

“முகம் பாக்குற மாதிரி இருக்குமாப்பா?”

அவர் பதில் சொல்ல நேரமானது.

“அப்ப அங்கயே வச்சிருங்கப்பா” என்றது அம்மா. “நீங்களே செஞ்சிருங்க.”

அவனோடு வேலை பார்த்தவர்களே அடக்கம் செய்தார்கள். “பூமியில துளை போடுறவக. குழிய நேராத்தான் வெட்டிருப்பாக” என்றார் மாமா. நாங்கள் வீட்டில் படத்துக்கு மாலை போட்டு, சொந்தக்காரர்களுக்குச் சொல்லிவிட்டோம். பந்தல் போட்டோம். தூக்க எதுவும் இல்லாத சாவு வீடு. வந்தவர்கள் நடுவீட்டைப் பார்த்துவிட்டு எங்கே விழுந்து அழுவது என்று தெரியாமல் நின்றார்கள். பெண்கள் அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். ஆண்கள் என்னிடம் தூரத்தைக் கேட்டார்கள். சொன்னேன். “அம்புட்டா?” என்றார்கள்.

தெருமுனையில் கட்டக் கண்ணீர் அஞ்சலி பிளக்ஸ் ஒன்று மாமா அடித்துக்கொண்டு வந்திருந்தார். சின்னவன் கண்ணாடி போட்டுச் சிரிக்கிற படம். ஏணி போட்டு நான்தான் கட்டினேன். இரண்டு பக்கமும் கயிற்றை இறுக்கிவிட்டுக் கீழே இறங்கி நின்று பார்த்தபோதுதான் படித்தேன். “ஆக்ராவில் இயற்கை எய்தினார்.”

“மாமா, என்ன எழுதிக் குடுத்தீங்க?”

“அக்ரான்னுதான்டா மாப்ள குடுத்தேன். சத்தியமா.”

பிளக்ஸ் கடைக்குப் போன் போட்டேன். “அண்ணே, அக்ரான்னு தப்பா எழுதியிருந்தாக, நான்தான் திருத்தி விட்டேன்” என்றார் எழுத்து அடித்தவர். உதவி செய்த குரல். வேறு அடித்துத் தருகிறேன் என்றார்.

நான் மறுபடியும் ஏணியில் ஏறினேன். ஒரு பக்கக் கயிற்றை அவிழ்த்தேன். பிளக்ஸ் தொங்கி, சின்னவன் முகம் மடிந்தது. அப்போது அம்மா தெருமுனைக்கு வந்திருந்தது.

“ஏண்டா அவுக்குறே?”

“ஊர் பேரு தப்பாயிருக்கும்மா. ஆக்ரான்னு போட்டிருக்கான்.”

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. நிமிர்ந்து அந்த எழுத்துகள் இருந்த பக்கம் பார்த்தது.

“ஆக்ரான்னா நீ லாரியில போவியே, அதான?”

“ஆமா.”

“அப்படியே இருக்கட்டும்” என்றது. “அதுன்னா பக்கம்.”

கயிற்றைத் திரும்பக் கட்டினேன்.